மேற்குச் சென்னை ஏரிகளும் பறவை நோக்குதலும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகள். தொழிற்பேட்டைகளாலும் படைத்துறைத் தொழிற்சாலைகளாலும் நெடுஞ்சாலைகளாலும் அறியப்படும் இவ்வட்டாரம் அடிப்படையில் ஏரிகளின் நிலம். அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, திருநின்றவூர், போரூர், செம்பரம்பாக்கம் எனச் சிறிதும் பெரிதுமான ஏரிகள் இங்கு அடுத்தடுத்து அமைந்துள்ளன. காலை நடைக்குச் செல்பவர்கள் கரையில் நின்று கூழைக்கடாவையும் நீர்க்காகத்தையும் பார்ப்பது இங்கே அன்றாடக் காட்சி.

பறவைகளைத் தொல்லை செய்யாமல் கவனித்து, இனம் கண்டு, குறித்து வைக்கும் பழக்கம் பறவை நோக்குதல் எனப்படுகிறது. சென்னையில் பறவைகளைப் பற்றிய எழுத்துப் பதிவுக்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. அதன் பெரும்பகுதி அடர்ந்த காடுகளில் நிகழ்ந்ததல்ல. வீட்டுத் தோட்டங்களிலும் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நிகழ்ந்தது. மேற்குப் புறநகரில் அந்த வரலாறு ஏரிகளின் வரலாற்றோடு பிணைந்துள்ளது.

ஏரியும் ஆயக்கட்டும்

பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரி மாவட்டம் என்று அழைக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் நீரோடும் பேராறு இல்லாத இந்நிலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி வைப்பதே வேளாண்மைக்கு வழியாக இருந்தது. ஒவ்வொரு ஏரிக்கும் கரை, வயலுக்கு நீர் விடும் மதகு, மிகுநீர் வழியும் கலங்கல் ஆகியவை உண்டு. ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் செல்வது இத்தகைய தொடருக்கு எடுத்துக்காட்டு.

ஓர் ஏரியின் நீரால் பாசனம் பெறும் வயற்பரப்பு அதன் ஆயக்கட்டு ஆகும். ஆயக்கட்டு உழவர்கள் ஏரியின் பயனாளிகளாகவும் காவலர்களாகவும் இருந்தனர். கரை உடையாமலும் கால்வாய் தூராமலும் பார்த்துக்கொள்வது அவர்களுடைய பொறுப்பு. இவ்வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர்.

இந்த அமைப்பில் பறவைகளுக்கும் இடமிருந்தது. அதற்கான தெளிவான சான்று, சென்னைக்குத் தென்மேற்கில் உள்ள வேடந்தாங்கல். அங்கே ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் நீர்ப்பறவைகளின் எச்சம் நீரில் கலக்கிறது. அந்நீர் பாயும் வயல் செழிக்கும் என்பதை உழவர்கள் அறிந்திருந்தனர். பறவைகளைச் சுடுவதைத் தடுக்க வேண்டும் என்று அவர்கள் முறையிட்டதன் பேரில், 1798-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை வழங்கினார். அவ்வுரிமை 1858-இல் மீண்டும் உறுதி செய்யப்பட்டது. அரசு வனவிலங்குச் சட்டங்களை இயற்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, தம் ஏரிக்கு வரும் பறவைகளைக் கவனித்து வந்த ஓர் ஊர் அவற்றைக் காத்தது. உழவுத் தேவையும் பறவைக் காவலும் அங்கே ஒன்றாகவே இருந்தன.

தோட்டத்தில் தொடங்கிய ஆய்வு

இந்தியப் பறவைகளைப் பற்றிய தொடக்ககால அச்சுப் பதிவுகளுள் ஒன்று சென்னையிலிருந்து சென்றது. புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி இங்குள்ள பறவைகளின் படங்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1713-இல் வெளிவந்த ஜான் ரேயின் பறவை நூலில் அவை பின்னிணைப்பாக இடம்பெற்றன. பக்லி காடுகளில் அலைந்து தேடியவர் அல்லர். கோட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த பறவைகளே அவருடைய பட்டியலாயின.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் எலிசபெத் கில்லிம் சென்னைக்கு வந்தார். அவருடைய கணவர் ஹென்றி கில்லிம் சென்னை உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகளுள் ஒருவர். 1801 முதல் 1807-இல் இறக்கும் வரை இங்கு வாழ்ந்த எலிசபெத், பறவைகளை நீர்வண்ணத்தில் வரைந்தார். பறவை பிடிப்போர் உயிருடன் கொண்டுவந்து தந்த பறவைகளை வீட்டில் வைத்துப் பார்த்து வரைந்ததால், இறகு அடுக்கும் கால் விரல்களும் கண்ணின் நிறமும் அவருடைய ஓவியங்களில் நுட்பமாகப் பதிவாகியுள்ளன. அமெரிக்கப் பறவைகளைப் பெரிய தாள்களில் வரைந்து புகழ்பெற்ற ஆடுபானின் நூல் வெளிவரத் தொடங்கியது 1827-இல். கில்லிமின் படங்கள் அதற்கு இருபது ஆண்டுகள் முந்தியவை. நெடுங்காலம் அறியப்படாமல் கிடந்த அவை 1924-இல் லண்டனில் கேசி வுட் என்பவரால் வாங்கப்பட்டன. சுமார் 120 ஓவியங்கள் இப்போது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

அடுத்த முக்கியப் பெயர் தாமஸ் ஜெர்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான இவர் 1836-இல் சென்னைக்கு வந்தார். தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலைச் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்விதழில் எழுதினார். 1843 முதல் 1847 வரை இந்திய ஓவியர்களைக் கொண்டு வரைந்த பறவைப் பட நூலையும் சென்னையிலேயே வெளியிட்டார். 1862 முதல் 1864 வரை வெளிவந்த அவருடைய ‘இந்தியப் பறவைகள்’ நூல் பல பறவைகளுக்குத் தமிழ், தெலுங்குப் பெயர்களையும் தருகிறது. அப்பெயர்களைச் சொன்னவர்கள் வேடர்களும் உழவர்களும். அவர்களுடைய பெயர்கள் நூலில் இல்லை; அவர்களுடைய அறிவு அதில் இருக்கிறது.

வீட்டருகே பார்த்தவர்: மா. கிருஷ்ணன்

இருபதாம் நூற்றாண்டில் பறவை நோக்குதலைத் துப்பாக்கியிலிருந்து விடுவித்துப் பொதுமக்களின் பொழுதுபோக்காக்கியதில் சாலிம் அலியின் 1941-ஆம் ஆண்டு கையேட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னையில் அந்தப் பழக்கத்தை எழுத்தாக வளர்த்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). தமிழின் தொடக்ககால நாவலாசிரியர்களுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன் இவர். 1950 முதல் இறக்கும் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். யானைகளையும் காடுகளையும் ஆழ்ந்து அறிந்த இவர், மயிலாப்பூர் வீட்டைச் சுற்றியிருந்த காகம், குருவி, மைனா ஆகியவற்றையும் அதே அக்கறையுடன் எழுதினார்.

கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகவும், பெருமாள்முருகன் ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ என்ற நூலாகவும் பதிப்பித்துள்ளனர். எங்கும் காணும் பறவையும் முழுக் கவனத்துக்கு உரியது என்பதை இக்கட்டுரைகள் காட்டுகின்றன. 1978-இல் சென்னை இயற்கையாளர் சங்கம் தொடங்கப்பட்ட பின், தனி மனிதர்களின் பழக்கமாக இருந்தது குழுச் செயலாகவும் ஆனது. ஒரே நீர்நிலைக்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து சென்று குறிப்பெடுக்கும் முறை அதன்வழி வளர்ந்தது.

ஆயக்கட்டு இழந்த ஏரிகள்

மேற்குப் புறநகரின் மாற்றம் நகரத்தின் தாகத்தில் தொடங்கியது. 1872-இல் புழல் ஏரி சென்னையின் குடிநீருக்காகப் பயன்படுத்தப்பட்டது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியும் பின்னர் குடிநீர் ஏரியானது. இதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. விடுதலைக்குப் பின் தொழில்மயமாக்கம் வந்தது. 1955-இல் காங்கிரஸ் மாநாடு கூடிய ஆவடியில் 1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு தேவைப்பட்டது. வயல்கள் மனைகளாயின, சில இடங்களில் ஏரிகளே மனைகளாயின. முகப்பேரில் ஒரு குடியிருப்புப் பகுதி இன்றும் ‘ஏரித் திட்டம்’ என்றே அழைக்கப்படுகிறது. அங்கே ஏரி முகவரியில் மட்டும் எஞ்சியுள்ளது.

தப்பிய ஏரிகளுக்கும் வேறொரு இழப்பு நேர்ந்தது. வயல்கள் மறைந்ததும் ஆயக்கட்டு மறைந்தது. மதகைத் திறக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. கால்வாய்களில் மழைநீருக்குப் பதிலாகக் கழிவுநீர் வந்தது. ஏரி தனக்குத் தேவை என்று சொல்ல ஊரில் யாரும் இல்லாத நிலை உருவானது. கரையோரக் குடியிருப்பாளருக்கு அது கொசுவும் நாற்றமும் தரும் இடமாகத் தோன்றியது. ஆக்கிரமிப்பு எளிதானதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆண்டுச் சுற்று

இத்தனைக்குப் பின்னும் பறவைகள் வருகின்றன. மேற்குப் புறநகரில் ஓராண்டு முழுவதும் ஒரே ஏரியைக் கவனிப்பவர், நாட்காட்டி இல்லாமலே பருவத்தைச் சொல்ல முடியும்.

செப்டம்பர், அக்டோபரில் வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். நீர் வற்றிய சேற்று ஓரங்களில் உள்ளான்களும் வாலாட்டிகளும் நடமாடும். இப்பருவத்தில் சில நேரம் வீட்டுத் தோட்டத்திலேயே ஆறுமணிக்குருவி வந்து இறங்கும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் இது குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. நெடும்பயணத்தில் களைத்துச் சென்னையின் மரநிழல்களில் தங்கும்போது, வண்ணங்கள் நிறைந்த இப்பறவையைக் கிளி வகை என்று எண்ணிக் கூண்டில் அடைப்போர் உண்டு. தொல்லை செய்யாமல் விட்டால் அது இலைச்சருகைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்று பயணத்தைத் தொடரும்.

மழைக்குப் பின் ஏரி நிறையும். முக்குளிப்பான்கள் மூழ்கி எழும். நாமக்கோழிகள் திறந்த நீரில் கூட்டமாக மிதக்கும். ஆகாயத்தாமரை மீது இலைக்கோழிகளும் நீலத் தாழைக்கோழிகளும் நடக்கும். மார்ச் முதல் நீர் குறையக் குறைய மீன்கள் ஒரு பக்கம் ஒதுங்கும். கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தை குத்தி நாரை ஆகியவை அங்கே திரளும். பறவைக்கூட்டத்தைக் காண ஏரி நிறைந்திருக்கும் மாதத்தைவிட அது வற்றும் மாதமே பல நேரங்களில் ஏற்றது.

கோடையில் கவனம் தெருவுக்குத் திரும்பும். குயில் கூவும். கருநிற ஆண் குரல் கொடுத்துக் காகங்களின் கவனத்தை ஈர்க்க, புள்ளிகள் நிறைந்த பெண் காகக் கூட்டில் முட்டையிடும். காலி மனைகளில் ஆள்காட்டி தரையிலேயே முட்டையிட்டு, நெருங்குபவரைக் கத்தி விரட்டும். மின்கம்பியில் கரிச்சானும் பஞ்சுருட்டானும் அமர்ந்து பூச்சி பிடிக்கும். முருங்கையில் தேன்சிட்டும், செடிகளின் இலையைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டும் மாடியிலிருந்தே காணக்கூடியவை. எஞ்சிய பனைகளைச் சுற்றிப் பனை உழவாரன் பறக்கும். பனை வெட்டப்பட்ட தெருவில் அது இருக்காது.

பறவைகள் மிகுதியாக இருப்பது நீரின் தூய்மைக்குச் சான்று அல்ல. கழிவுநீர் தரும் ஊட்டத்தில் ஆகாயத்தாமரை பெருகும். அது தாழைக்கோழிக்கு ஏற்றது. கலங்கிய ஆழமற்ற நீரிலும் நெடுங்கால் உள்ளான் நன்றாகவே வாழும். மாறாக, மூழ்கி மீன் பிடிக்கும் பறவைகளுக்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். ஆகவே எத்தனை பறவைகள் என்பதோடு, எந்தப் பறவைகள் வந்தன, எவை வராமல் போயின என்பதையும் குறிக்க வேண்டியுள்ளது.

பெயர்களில் உள்ள அறிவு

தமிழ்ப் பறவைப் பெயர்கள் பல, அருகிருந்து பார்த்ததன் விளைவுகள். நத்தையின் ஓட்டை நீக்கித் தின்பது நத்தை குத்தி நாரை. மாட்டின் மேல் உள்ள உண்ணியைக் கொத்துவது உண்ணிக்கொக்கு. ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பது ஆள்காட்டி. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பது ஆறுமணிக்குருவி. அசையாமல் நின்று, மிக அருகில் ஆள் வந்த பிறகே பறக்கும் கொக்கைச் சிலர் குருட்டுக் கொக்கு என்றும், வேறு சிலர் மடையான் என்றும் அழைக்கின்றனர். இரண்டாவது பெயர் வயலுக்கு நீர் பாயும் மடையை நினைவூட்டுகிறது.

இக்கூர்மை பழமையானது. சத்திமுத்தப் புலவர் தம் பாடலில் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டது, பறவையையும் கிழங்கையும் நன்கு பார்த்தவரின் ஒப்புமை. பேராசிரியர் க. ரத்னம் ஊர்தோறும் வழங்கிய பெயர்களைத் திரட்டி ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ என்ற நூலாக்கினார். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய பறவை அறிமுகக் கையேட்டைக் க்ரியா வெளியிட்டது. ஏரியோடு வாழ்ந்தவர்கள் குறைந்துவரும் புறநகரில், மாணவர்கள் இப்பெயர்களைப் பெரும்பாலும் இத்தகைய நூல்கள் வழியாகவே அறிகின்றனர்.

பட்டியலின் பயன்

அமெரிக்காவில் 1900-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு, வேட்டைக்குப் பதிலாக எண்ணும் வழக்கத்தை உருவாக்கியது. 1998-இல் வீட்டருகே எண்ணும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு அங்கே தொடங்கியது. இந்தியா 2013-இல் அதில் இணைந்தது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மாட்டுப் பொங்கலன்று ஊருக்குச் சென்றிருப்பவர் அங்குள்ள குளத்திலும் எண்ணலாம். நகரில் தங்கியவர் மாடியில் நின்று எண்ணலாம்.

முறை எளியது. ஓரிடத்தில் குறைந்தது கால் மணி நேரம் நின்று, பார்த்த, கேட்ட பறவை இனங்களையும் அவற்றின் எண்ணிக்கையையும் குறித்து, நேரத்துடனும் இடத்துடனும் இ-பேர்ட் தளத்தில் பதிய வேண்டும். உறுதியாகத் தெரியாத பறவையைப் பதியக் கூடாது. காகத்தையும் மைனாவையும் விடாமல் எண்ண வேண்டும் என்பது முக்கியமான விதி. அரிய பறவைகளை மட்டும் எழுதும் பட்டியலால், பொதுப் பறவைகள் குறைவதை அறிய முடியாது.

இதன் பயன் 2020-இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கையில் தெரிந்தது. 15,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் அதற்கு அடிப்படை. சிட்டுக்குருவி நாடு முழுவதும் அழிந்துவருகிறது என்ற பரவலான நம்பிக்கைக்கு மாறாக, அதன் எண்ணிக்கை ஒட்டுமொத்தமாக ஏறத்தாழ நிலையாக இருப்பதையும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் குறைந்துவருவதையும் அது காட்டியது. 2023 அறிக்கைக்கு 30,000-க்கும் மேற்பட்டவர்களின் மூன்று கோடிப் பதிவுகள் பயன்பட்டன. எங்கும் காணப்படும் பறவையாகக் கருதப்பட்ட பனங்காடை வெகுவாகக் குறைந்திருப்பது அதில் சுட்டப்பட்டது. எந்தத் தனி ஆய்வாளரும் தனியாகக் கண்டறிய முடியாத மாற்றங்கள் இவை. கால் மணி நேரப் பட்டியல்கள் சேர்ந்து இவற்றைக் காட்டின.

இன்றைய நிலை

ஆவடி பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. சுற்றிலும் நடைபாதை உள்ளதால் முதியவர்களும் குழந்தைகளும் பறவைகளைப் பார்க்க முடிகிறது. பூங்காவில் படகுச் சவாரியும் உண்டு. மக்கள் ஏரியை நெருங்குவதும் பறவைகளுக்கு அமைதி கிடைப்பதும் ஒரே இடத்தில் நிகழ வேண்டியிருப்பது இதன் சிக்கல். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் தொடர்ந்து குரல் கொடுத்தனர். அவர்களுடைய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. 2015 டிசம்பர் வெள்ளமும், செம்பரம்பாக்கம் உள்ளிட்ட குடிநீர் ஏரிகள் ஏறத்தாழ முற்றிலும் வறண்ட 2019 கோடையும், ஏரிகள் வேண்டும் என்பதை நகரத்துக்கு இரு முனைகளிலிருந்தும் உணர்த்தின.

வேடந்தாங்கல் உழவர்களுக்கு ஏரி வேண்டும் என்று சொல்ல நெல் விளைச்சல் காரணமாக இருந்தது. மேற்குப் புறநகர் ஏரிகளுக்கு அந்த ஆயக்கட்டு திரும்பப் போவதில்லை. அதன் இடத்தில், விடுமுறைக் காலையில் கரைக்கு வரும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் ஏரியிலிருந்து எடுத்துச் செல்வது ஒரு பட்டியல் மட்டுமே. ஒரு நீர்நிலை உயிருள்ளதா, அது எப்போது சுருங்கத் தொடங்கியது, எந்தப் பறவை எந்த ஆண்டுக்குப் பின் வரவில்லை என்ற கேள்விகள் அரசு அலுவலகத்திலோ தீர்ப்பாயத்திலோ எழும்போது, தேதியுடனும் எண்ணிக்கையுடனும் பதில் சொல்ல அந்தப் பட்டியல் உதவுகிறது.